கப்பலை மறிப்பதற்கும் நகல் எடுப்பதற்கும் ஏன் ஒரே சொல்?

கேள்வி இதுதான்: "பைரசி என்றால் கடற்கொள்ளை என்கிறது அகராதி. ஒரு படத்தையோ மென்பொருளையோ காசு கொடுக்காமல் நகல் எடுத்தாலும் அதற்கும் பைரசி என்றுதான் பெயர். கப்பலுக்கும் நகலுக்கும் என்ன சம்பந்தம்? இணையம் வந்த பிறகு பெரிய கம்பெனிகள் நம்மைப் பயமுறுத்தக் கிளப்பிவிட்ட சொல்லா? இதைத் தமிழில் எழுதும்போது எப்படிச் சொல்வது?" மேலோட்டமாகப் பார்த்தால் சொல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. ஆனால், நகல் எடுப்பவனைக் கொள்ளைக்காரன் என்று அழைக்கும் பழக்கத்தை யார் தொடங்கினார்கள், அது நியாயமா என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் பதிப்புரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர். நோட்டீஸ், மனு, எதிர்மனு என்று என் மேசைக்கு வரும் தாள்களில் பாதியில் இந்தச் சொல் இருக்கும். அதனால்தான் இதன் பின்னால் போய்ப் படிக்க ஆரம்பித்தேன். கிரேக்கமும் லத்தீனும் என் துறை கிடையாது. அந்தப் பகுதியில் அறிஞர்கள் பரவலாக ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன். சட்டம் பற்றிய பகுதிக்கு நானே பொறுப்பு.

முதலில் நேரடிப் பதில். இணையக் கம்பெனிகள் இந்தச் சொல்லை உருவாக்கவில்லை. அனுமதியில்லாமல் புத்தகம் அச்சடித்தவர்களைக் கடற்கொள்ளையர் என்று திட்டும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டு லண்டனிலேயே இருந்தது. கம்ப்யூட்டர், ஒலிநாடா, சினிமா எல்லாம் வருவதற்கு வெகு முன்பு. ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி சரிதான். அன்றைக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது வியாபாரத்தில் நஷ்டப்பட்ட தரப்புதான்.

இனி மூலத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'பைரேட்' என்ற சொல் முதலில் வந்தது. அவன் செய்யும் தொழிலைக் குறிக்கும் 'பைரசி' அதற்குப் பிறகு, 15ஆம் நூற்றாண்டு வாக்கில், இடைக்கால லத்தீனின் 'பிராட்டியா'விலிருந்து வந்தது. லத்தீனில் கொள்ளையன் 'பிராட்டா'. அது கிரேக்கத்தின் 'பெய்ராட்டேஸ்' என்பதிலிருந்து வாங்கியது. அதன் அடியில் இருப்பது 'பெய்ரா' என்ற சொல்: முயற்சி, சோதித்துப் பார்த்தல் என்று பொருள். அனுபவத்தில் கண்டறிந்தது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'எம்பிரிக்கல்' என்ற சொல்லும் இதே 'பெய்ரா'விலிருந்து பிறந்ததுதான். இதுவரை சொன்னதில் பெரிய சர்ச்சை இல்லை. முயற்சி என்ற பொருள் எப்படிக் கொள்ளை ஆனது என்பதில்தான் ஊகம் நுழைகிறது. அந்த வினைச்சொல்லுக்கு ஒருவரைத் தாக்க முயல்வது, ஓர் ஊர்மீது கைவைத்துப் பார்ப்பது என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து 'தாக்குபவன்' என்றும், பிறகு 'கடலில் தாக்குபவன்' என்றும் சுருங்கியிருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். பொருத்தமான விளக்கம்தான், ஆனால் அந்த மாற்றம் நடந்த கணத்தைக் காட்டும் ஆவணம் எதுவும் கையில் இல்லை. 'துணிந்து பார்ப்பவன்தான் பைரேட்' என்று சில இடங்களில் கவர்ச்சியாக எழுதுகிறார்கள். அவ்வளவு தூரம் இழுக்க ஆதாரம் போதாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சொல்லைவிடத் தொழில் மிகப் பழையது. பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களில் கடலில் சூறையாடுபவர்கள் வருகிறார்கள், ஆனால் அவர்களுக்கு 'பெய்ராட்டேஸ்' என்ற பெயர் இல்லை. அங்கே இருப்பது 'லேயிஸ்டேர்' என்ற வேறு சொல், சூறைப் பொருளை அள்ளுபவன் என்ற பொருளில். அதில் வசையின் வாடையும் குறைவு. கரையேறிய அந்நியர்களுக்குச் சோறு போட்டுவிட்டு, "நீங்கள் வியாபாரிகளா, கடலில் சூறையாடுபவர்களா?" என்று இயல்பாகக் கேட்கிறார்கள். பழங்காலத்தில் இந்தத் தொழிலில் வெட்கம் எதுவும் இருக்கவில்லை, ஓரளவு புகழே இருந்தது என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் இந்தக் கேள்வியையே சான்றாகக் காட்டுகிறார். 'பெய்ராட்டேஸ்' புழக்கத்துக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

சொல்லுக்குள் சட்டத்தின் விஷம் ஏறியது ரோமில். பொதுவாகப் போரில் எதிரிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும் என்று வாதிடுகிற ரோமானியப் பேச்சாளர் சிசரோ, கடற்கொள்ளையனுக்கு மட்டும் விலக்கு வைக்கிறார். அவன் முறைப்படியான எதிரிகளின் கணக்கில் வரமாட்டான், எல்லோருக்கும் பொதுவான பகைவன், பணயத்தொகை தருவதாக அவனிடம் சத்தியமே செய்திருந்தாலும் தரவேண்டியதில்லை என்கிறார். பிற்காலச் சட்ட நூல்களில் பைரேட் 'மனித இனத்தின் பகைவன்' என்று குறிப்பிடப்பட்டதற்கு வித்து இங்கேதான் இருக்கிறது. அப்படி ஒருவனை முத்திரை குத்திவிட்டால் எந்த நாடும் அவனைப் பிடிக்கலாம், எந்த நாடும் தண்டிக்கலாம். சாதாரணத் திருடனுக்கோ கொலைகாரனுக்கோ இல்லாத நிலை இது. அதனால்தான் இந்தச் சொல்லை எதிராளிமீது வீச எல்லோருக்கும் ஆசை வந்தது.

ஆனால் கடலில் இந்த முத்திரை யார்மீது விழும் என்பதை வன்முறை மட்டும் தீர்மானிக்கவில்லை, காகிதமும் தீர்மானித்தது. எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைப் பிடிக்கத் தனியாருக்கு அரசுகள் அனுமதிக் கடிதம் கொடுத்தன. அந்தக் கடிதம் உள்ளவனுக்குப் பிரைவட்டியர் என்று பெயர், இல்லாதவன் பைரேட். கப்பல், பீரங்கி, கொள்ளை எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கை ஸ்பெயின் பைரேட் என்றது, 1581-ல் இங்கிலாந்து ராணி அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். ஹென்றி மோர்கன் 1668-ல் பனாமா கரையில் போர்ட்டோபெலோ நகரைச் சூறையாடினார், அப்புறம் அவரும் சர் பட்டம் பெற்று ஜமைக்காவின் துணை ஆளுநர் ஆனார். வில்லியம் கிட்டின் கதை இதற்கு நேரெதிர். கடற்கொள்ளையரைப் பிடிக்கவும் பிரெஞ்சுக் கப்பல்களைக் கைப்பற்றவும் அனுமதி வாங்கிக்கொண்டு 1696-ல் புறப்பட்டவர் அவர். 1698-ல் இந்தியாவின் மேற்குக் கரைக்கு அப்பால் 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தார். அது பிரெஞ்சு அனுமதிச் சீட்டோடு ஓடிய கப்பல், எனவே தனக்குப் பிடிக்க உரிமை உண்டு என்பது அவர் வாதம். 1701-ல் லண்டனில் விசாரணை நடந்தபோது அந்தச் சீட்டுகள் நீதிமன்றத்துக்கு வந்து சேரவில்லை. ஒரு கொலைக் குற்றமும் சேர்ந்து நிரூபிக்கப்பட்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் சீட்டுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் அரசு ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன! அவை அன்றைக்கே கிடைத்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று நான் சொல்லமாட்டேன், கொலைத் தீர்ப்பு தனியாக இருந்தது. ஆனால் கடற்கொள்ளைக் குற்றச்சாட்டில் அவருடைய முக்கிய வாதமே அந்த இரண்டு தாள்களை நம்பித்தான் நின்றது. இப்படித் தனியாருக்கு அனுமதி கொடுக்கும் பழக்கத்தை 1856-ல் பாரிஸ் பிரகடனம் முடிவுக்குக் கொண்டுவந்தது.

இப்போது அச்சகத்துக்கு வரலாம். தாமஸ் டெக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் 1603-லேயே 'சொல்-பைரேட்டுகள்' என்று சிலரை வசைபாடியிருக்கிறார். நகல் என்ற பொருளின் தொடக்கம் அதுதான் என்று சில கட்டுரைகள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அது எழுத்தாளர்களுக்குள் நடந்த ஏச்சு, அனுமதியின்றிப் பதிப்பித்தல் என்ற குற்றத்தின் பெயர் ஆகாது. எனக்கு உறுதியாகத் தெரியும் சான்று 1668-ல் வருகிறது. ஒரு லண்டன் புத்தக வியாபாரி, நேர்மையில்லாத சில வியாபாரிகள் பிறருடைய பிரதிகளைத் திருடி அச்சடிப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கு 'நிலப் பைரேட்டுகள்' என்று பெயர் என அச்சில் எழுதியிருக்கிறார். இந்த வரியில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பெயர் அவர் கண்டுபிடித்தது கிடையாது, ஏற்கெனவே புழங்குவதாகச் சொல்கிறார். அப்புறம், 'நில' என்ற முன்னொட்டு தேவைப்பட்டிருக்கிறது. வெறும் பைரேட் என்றால் வாசகருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும் என்ற காலம். அது மோர்கன் போர்ட்டோபெலோவைச் சூறையாடிய அதே ஆண்டு என்பதை நினைத்தால், அன்றைய வாசகர் காதில் அந்த வசை எவ்வளவு கூர்மையாக விழுந்திருக்கும் என்று புரியும். சில பத்தாண்டுகளில் முன்னொட்டு உதிர்ந்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில எழுத்தாளர் டேனியல் டீஃபோ தன் கவிதையைத் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்றவர்களைப் பற்றிப் பேசும்போது 'பைரேட்டுகள், அப்படித்தான் அவர்களைச் சொல்கிறார்கள்' என்கிறார். மூலத்தில் உள்ளபடி பிழையில்லாமல் அச்சடித்தால் ஒரு பென்னிக்கு விற்றுக்கொள்ளட்டும் என்றும் சேர்த்துக்கொள்கிறார். எழுதியவரின் வருத்தம் பணத்தைவிட, தன் எழுத்து சிதைவதைப் பற்றியதாக இருந்தது. இந்த விவாதங்களில் ஆசிரியரின் குரலும் பதிப்பாளரின் குரலும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது தவறு என்பதற்கு இதைவிடப் பழைய உதாரணம் என்னிடம் இல்லை.

யாருடைய உரிமை மீறப்பட்டதாக அன்று பேசினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1557-ல் அரச சாசனம் பெற்ற ஸ்டேஷனர்ஸ் கம்பெனி என்ற அச்சக, புத்தக வணிகர் சங்கம்தான் லண்டன் அச்சுத் தொழிலைக் கையில் வைத்திருந்தது. அதன் பதிவேட்டில் ஒரு நூலைத் தன் பெயரில் பதிந்த உறுப்பினருக்கே அதை அச்சடிக்கும் உரிமை. எழுதியவருக்கு அதில் இடமே இல்லை. ஆக, முதன்முதலாக ஒருவரை 'நிலப் பைரேட்' என்று அழைத்தபோது அவர் மீறியது படைப்பாளியின் உரிமையை அன்று, ஒரு வணிகச் சங்கத்தின் ஏற்பாட்டை. ஆசிரியருக்குச் சட்டம் உரிமை கொடுத்தது 1710-ல் ராணி ஆன் காலத்துச் சட்டத்தில்: 14 ஆண்டுகள், ஆசிரியர் உயிரோடு இருந்தால் மேலும் 14. அந்தச் சட்டம் அனுமதியின்றி அச்சடிப்பதைத் தடுத்தது, தண்டம் விதித்தது, ஆனால் பைரசி என்ற சொல்லை எடுக்கவில்லை. ஏச்சாக வந்த சொல் சட்டத்தின் மொழிக்குள் நுழையக் காலம் பிடித்தது.

நுழைந்த பிறகும் அரைகுறையாகத்தான். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1886-ல் உருவானபோது, அதன் 12ஆம் பிரிவு, திருட்டுப் பிரதிகளை இறக்குமதியின்போது பறிமுதல் செய்யலாம் என்றது. அதன் ஆங்கில வடிவத்தில் 'பைரேட்டட்' என்று இருந்தது. உடன்படிக்கை எழுதப்பட்ட பிரெஞ்சிலோ 'கோன்த்ரஃபேத்', அதாவது போலியாகச் செய்யப்பட்டது என்றுதான் இருந்தது. ஒரே பிரிவு, ஒரு மொழியில் போலி, இன்னொன்றில் கொள்ளை. 1994-ன் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வர்த்தக ஒப்பந்தத்தில்தான் இந்தச் சொல் உலக அளவில் சட்டப் பொருளோடு உட்கார்ந்தது. உரிமையாளரின் சம்மதமில்லாமல் செய்யப்பட்ட நகல்களை அது 'பைரேட்டட்' சரக்கு என்று வரையறுக்கிறது. வணிக அளவில் வேண்டுமென்றே செய்யும் பதிப்புரிமைப் பைரசிக்குக் குற்றவியல் தண்டனை இருக்க வேண்டும் என்றும் நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. இந்தியாவில் 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவுசெய்த வடிவத்தைக் காப்பியடிப்பதற்குப் பைரசி என்றே தலைப்பு. பதிப்புரிமைச் சட்டமோ 'மீறல்' என்ற சொல்லை வைத்துத்தான் எல்லாவற்றையும் கட்டுகிறது. என்னிடம் வரும் இளம் வழக்கறிஞர்கள் மனுவில் பைரசி, பைரசி என்று நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதை அடித்துவிட்டு, எந்த உரிமை, எந்தச் செயலால், எந்தத் தேதியில் மீறப்பட்டது என்று எழுதச் சொல்வேன். நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியது அதைத்தான்.

கடலில் இதற்கு மாறாக, வரையறை மிகக் கறார். 1982-ன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 101ஆம் பிரிவு: சட்டவிரோதமான வன்முறை, சிறைபிடிப்பு அல்லது சூறையாடல் நடந்திருக்க வேண்டும். தனிப்பட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும். எந்த நாட்டின் அதிகாரத்துக்கும் உட்படாத திறந்த கடலில் நடந்திருக்க வேண்டும். ஒரு தனியார் கப்பலிலிருந்து இன்னொரு கப்பல்மீது நடந்திருக்க வேண்டும். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள், அதாவது ஒரு நாட்டின் கடல் எல்லைக்குள், அதே துப்பாக்கியோடு அதே ஆட்கள் ஏறினால், சட்டம் அதைப் பைரசி என்று சொல்லாது, ஆயுதக் கொள்ளை என்றுதான் சொல்லும். அதனால்தான் சோமாலியக் கரையில் துரத்திச் செல்லும் கடற்படைகள் அந்த எல்லைக்குள் நுழைய 2008-ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் தனித் தீர்மானம் போட வேண்டியிருந்தது. 1985-ல் 'அக்கிலே லாரோ' என்ற பயணிகள் கப்பலைக் கடத்தியவர்கள் ஏற்கெனவே அதிலேயே பயணிகளாக இருந்தவர்கள். இரண்டாவது கப்பல் இல்லை, நோக்கமும் அரசியல். பழைய வரையறை அங்கே பொருந்தாமல் திணறியது, 1988-ல் அதற்கென்று வேறு உடன்படிக்கையே வந்தது.

சரி, நகல் எடுப்பதைக் கொள்ளை என்பது நியாயமா? இது சம்பந்தமாக நான் அடிக்கடி மேற்கோள் காட்டும் தீர்ப்பு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் கொடுத்தது. எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டுகளை அனுமதியில்லாமல் இசைத்தட்டாக்கி மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய ஒருவர்மீது, திருட்டுப் பொருளைக் கடத்தியதாகவும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டை ஏற்கவில்லை. பதிப்புரிமையை மீறுபவர் பொருளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு உரியவரை வெறுங்கையோடு விடுவதில்லை, அதனால் மீறலைத் திருட்டோடு அப்படியே சமப்படுத்த முடியாது என்றது. கவனிக்கவும்: அவர் செய்தது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பதிப்புரிமை மீறல் என்பது தனிக் குற்றமாக அவர்மீது இருக்கத்தான் செய்தது. 2013-ல் ஃபுளோரிடாவில் ஒரு கோப்புப் பகிர்வுத் தளத்தின்மீது திரைப்பட நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், ஜூரிகள் முன்னால் 'பைரசி', 'திருட்டு' போன்ற சொற்களைப் பயன்படுத்தக்கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். சொல்லே தீர்ப்பை எழுதிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதே சமயம், இந்தச் சொல்லை எதிர்ப்பவர்கள் சிலர் சொல்வதுபோல, சொல் தவறு என்பதால் செயலும் தவறில்லை என்று ஆகிவிடாது. ஓர் எழுத்தாளரின் பல வருட உழைப்பை வெளிவந்த வாரத்திலேயே மொத்தமாக அச்சடித்து விற்பவரை நான் எதிர்த்து வாதாடியிருக்கிறேன், இனியும் வாதாடுவேன். அந்த நஷ்டம் கற்பனையானது கிடையாது.

இந்தச் சொல் நகலோடு நிற்கவுமில்லை. 1961-ல் அமெரிக்கச் சட்டம் விமானக் கடத்தலை விமானப் பைரசி என்றது. 1964-ல் பிரிட்டனின் கடல் எல்லைக்கு வெளியே கப்பலில் இருந்து ஒலிபரப்பிய ரேடியோ கரோலின் போன்றவை பைரேட் ரேடியோ ஆயின. 1990-களில் 'உயிரிப் பைரசி' வந்தது, அதில் குற்றம் சாட்டும் திசையே திரும்பியது. காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுக்கப்பட்டு, இந்திய அறிவியல் தொழில்துறை ஆராய்ச்சிக் குழு எதிர்த்துப் போராடி 1997-ல் ரத்தானது. அங்கே, பொதுவில் இருந்த அறிவைக் காப்புரிமை போட்டு அடைத்தவரைத்தான் கொள்ளையர் என்றார்கள். 2006-ல் ஸ்வீடனில் ஒரு கட்சி 'பைரேட் கட்சி' என்று தானே பெயர் சூட்டிக்கொண்டு, 2009-ல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனது.

இவை எல்லாவற்றையும் கோக்கும் இழை ஒன்று உண்டா? எனக்கு இருப்பதாகத் தோன்றுகிறது: உரிமம். கடிதம் இல்லாத கப்பல், பதிவு இல்லாத அச்சகம், உரிமம் இல்லாத ஒலிபரப்பு. ஆனால் இது என் வாசிப்பு, நிரூபிக்கப்பட்ட வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1668-ல் அந்த வியாபாரி உரிமம் பற்றி யோசித்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குச் சான்று இல்லை. கையில் கிடைத்த மிக மோசமான வசையை எடுத்திருக்கலாம், அவ்வளவுதான். உயிரிப் பைரசியும் இந்த இழையில் சரியாகக் கோக்க வராது, அங்கே கையில் காப்புரிமைத் தாளை வைத்திருந்தவரையே கொள்ளையர் என்றார்கள்.

கடைசியாக, தமிழில் எப்படி எழுதுவது என்ற கேள்வி. ஆங்கிலம் ஒரே சொல்லில் கட்டிவைத்திருப்பதைத் தமிழ்ப் பேச்சு தானாகவே பிரித்துவிட்டது. கப்பல் என்றால் கடற்கொள்ளை என்கிறோம், நகல் என்றால் பைரசி என்று கடன்சொல்லாகவே வைத்துக்கொள்கிறோம் அல்லது 'திருட்டு' என்று முன்னால் சேர்க்கிறோம். 'திருட்டுப் பிரதி' என்பது ஆங்கிலச் சொல்லைவிட நேரடியான குற்றச்சாட்டு. பைரேட் என்று கேட்கும் ஆங்கிலேயருக்கு ஒற்றைக்கண் மாலுமியின் சாகசக் கதையும் கொஞ்சம் நினைவுக்கு வரும், 'திருட்டு' என்பதில் அந்தச் சலுகை இல்லை. அதனால் செய்தியிலோ கட்டுரையிலோ எழுதும்போது நான் இப்படிப் பிரிப்பேன்: வணிக நோக்கில் மொத்தமாக நகல் போட்டு விற்பது நிரூபணமான இடத்தில் திருட்டுப் பிரதி என்று எழுதலாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் பதிப்புரிமை மீறல் குற்றச்சாட்டு என்றே எழுத வேண்டும். விமர்சனத்துக்காகவோ ஆய்வுக்காகவோ சில பத்திகளை எடுத்தாள்வது பல நாட்டுச் சட்டங்களில் அனுமதிக்கப்பட்டது, அதற்கு இந்தப் பெயர்கள் எதுவுமே பொருந்தாது. நீங்கள் எழுதப்போகும் குறிப்பிட்ட சம்பவம் இதில் எந்த வகை என்பதை விவரம் தெரியாமல் என்னால் சொல்ல முடியாது. என்ன நகல் எடுக்கப்பட்டது, எவ்வளவு, எந்த நாட்டில், விற்பனைக்கா என்ற நான்கு விவரங்களையும் எழுதினால் தொடர்ந்து பேசலாம்.